சம்பந்தி வீட்டுத் தெருவில் மூன்று நாள்

மும்பைக்குப் போகிறவர்கள் முதலில் கடலைப் பார்க்க ஓடுவார்கள். தூத்துக்குடிக்காரிக்குக் கடல் என்ன அதிசயம்? நான் பார்த்தது செம்பூரில் ஒரு தெரு. ஒரே ஒரு தெருதான். மூன்று நாள் அதையே மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். "மும்பையில என்னல்லாம் பாத்தே?" என்று இங்கே கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பிரின்ஸிக்கு அந்தத் தெருவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பையன் பெயர் ஆல்வின், வங்கியில் வேலை. அவன் அப்பா தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். பூர்வீகம் நம் திசையன்விளைப் பக்கம். போனில் முகம் பார்த்து, போனிலேயே பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. இனி ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் மாதா கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மணமக்கள் பெயரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். அதைத்தான் ஓலை என்போம். முதல் ஓலை வருகிற ஞாயிறு.

பிரின்ஸிக்குப் பதினாலு வயதில் வலிப்பு வந்தது. இப்போது ஐந்து வருடமாக வரவில்லை. இரவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் இதை நாங்கள் சொல்லவில்லை. "கட்டி முடிஞ்ச பெறவு மெள்ளச் சொல்லிக்கிடலாம்" என்பது என் வீட்டுக்காரர் கட்சி. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். நாங்களாகச் சொல்லும்வரை ஆல்வினிடம் வாய் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம்கூட வாங்கியிருந்தேன்.

"ஓலைக்கு முன்னால நீ சொல்லலன்னா, தடை உண்டான்னு சாமியார் கேக்கும்போது நானே எந்திரிச்சு நின்னு சொல்லிருவேன்" என்றாள் பிரின்ஸி. செய்யக்கூடியவள்தான்.

ஆக, இரண்டு வேலையோடு மும்பைக்குப் புறப்பட்டேன். வீட்டுக்காரர் அனுப்பியது, தெருவில் நாலு பேரிடம் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் காதும் காதும் வைத்த மாதிரி விசாரித்து வர. மகள் அனுப்பியது, அந்த வீட்டுப் படியேறி உண்மையைச் சொல்லிவிட்டு வர. நான் வந்திருப்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. முதல் வேலை சுலபம், அதை முதலில் செய்வோம் என்று முடிவு செய்துகொண்டேன்.

தங்கியது ஆண்டாப் ஹில்லில், என் சித்தி மகள் ரோஸ்லின் வீட்டில். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. காலையில் தன் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எனக்கு மின்சார ரயில் பாடம் எடுத்தாள்.

"லேடீஸ் டப்பால ஏறுக்கா. உள்ள போனதும் உக்காந்திருக்கிற ஒவ்வொருத்திட்டயும் எங்க எறங்குதேன்னு கேளு. எவ மொதல்ல எறங்குதாளோ, அவ எடம் ஒனக்கு. ஒனக்குப் பின்னால வாரவ ஒன்னக் கேப்பா. பதில் சொல்லிரணும், இல்லன்னா சண்டைக்கு வந்து ஜகடா பண்ணுவாளுவ."

அப்படியே நடந்தது. ஏறியதும் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. உட்கார்ந்த மறுநொடி, மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "செம்பூர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு என் முழங்காலோடு ஒட்டி நின்றுகொண்டார். இடம் பதிவாகிவிட்டது. ஜன்னலில் மழைக்காற்று. தகரக் கூரைகள், நீல தார்ப்பாய்கள், மொட்டை மாடியில் துணி காயப் போடும் பெண், எல்லாம் தூக்கத்தில் வருகிற மாதிரி மெல்ல வந்து போயின. செம்பூர் வந்ததும் எழுந்தேன். ஆனால் இந்த ஊரில் ஒரு நிலையம் முன்னாலேயே வாசலுக்குப் போய் நின்றுவிட வேண்டுமாம். ரோஸ்லின் அதைச் சொல்லித்தர மறந்துவிட்டாள். வாசலை எட்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பெட்டி முழுக்க என்னவோ சொல்லிக் கூவியது. என் இடத்தில் உட்கார்ந்துவிட்ட பட்டாணி அம்மாள்தான் அதிகம் வருத்தப்பட்டார். எழுந்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அடுத்த கோவண்டியில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பினேன்.

செம்பூர் நிலையத்துக்கு வெளியே ஊர் ஊராகவே இருந்தது. ஆட்டோ ஹாரன், காய்கறித் தள்ளுவண்டி, ஆளை இடித்துக்கொண்டு போகும் ஆள். பத்து நிமிடம் நடந்து இரண்டு திருப்பம் திரும்பியதும் யாரோ சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அதுதான் அந்தத் தெரு.

இரு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். மேலே கிளைகள் கோத்துக்கொண்டு, கீழே வெயிலும் நிழலும் கலந்து கிடந்தன. ஈரத் தார்ச்சாலையில் இளஞ்சிவப்புப் பூக்கள் ஒட்டியிருந்தன. மூன்று மாடி, நான்கு மாடிப் பழைய கட்டடங்கள். பால்கனிகளில் துளசித் தொட்டி, சைக்கிள், காயும் வேட்டி. எந்த வீட்டிலோ குக்கர் விசில். எந்த வீட்டிலோ ஒருவர் தன்னந்தனியாக வயலின் பழகிக்கொண்டிருந்தார், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பதினோரு மணிக்கு உப்பு லாரி போகும், மீன்காரி போவாள், பக்கத்து வீட்டுச் சண்டை எங்கள் வீட்டுக்குள் நடக்கும். இங்கே ஒரு பூனை தெருவின் நடுவில் படுத்துத் தூங்கியது. அதை ஒரு கார் சுற்றிக்கொண்டு போனது. பிரின்ஸி இங்கே நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். கையில் காய்கறிப் பையோடு அந்தப் பூனையைத் தாண்டி நடந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்து, உடனே பயமாகவும் இருந்தது.

ஆல்வின் வீடு இருக்கிற கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். வாடகைக்கு வீடு தேடுகிறவள் மாதிரி உள்ளே நுழைந்தேன். காவல்காரர் எழுந்து வந்தார். இந்தி பேசும் வடநாட்டுக்காரர். நான் கையால் வீடு வரைந்து காட்டினேன். அவர் கையை விரித்தார். வீடு இல்லை. சரி, திரும்பலாம் என்றால் விடவில்லை. வாசலைத் தாண்டியவர்கள் யாராக இருந்தாலும் ஒரு நோட்டில் எழுதியாக வேண்டுமாம். நோட்டையும், நூலில் கட்டிய பேனாவையும் நீட்டினார்.

அங்கேதான் கோட்டை விட்டேன். நான் முப்பத்தோரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். "முழு விலாசம் எழுதுங்க, பின்கோடு எங்கே?" என்று எத்தனையோ பேரை விரட்டியவள். கோடு போட்ட நோட்டைக் கண்டால் என் கை என்னைக் கேட்காது. அத்தனை பேரும் கிறுக்கியிருந்த அந்தப் பக்கத்தில் என் முழுப்பெயர், வீட்டுக்காரர் பெயர், தெரு, தூத்துக்குடி, பின்கோடு, போன் எண் எல்லாவற்றையும் அச்சடித்த மாதிரி எழுதினேன். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'ஜெனரல் என்கொயரி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்தபோது நன்றாக நடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்து இஸ்திரிக்காரர். ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் இஸ்திரிக்காரரைவிட நல்ல ஆள் கிடையாது என்பது எங்கள் அலுவலக அனுபவம். கட்டடச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரராம், பெயர் குப்புசாமி. அன்று அவருக்கு வேலை அதிகம். ஆல்வின் வீட்டைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "நாளைக்கு வாங்கம்மா, சாவகாசமா பேசுவோம்" என்றார்.

மறுநாள் போனபோது எனக்காக ஒரு முக்காலி போட்டிருந்தது. கட்டிங் சாய் வரவழைத்தார். அரைத் தம்ளர் டீக்கு இங்கே அப்படிப் பெயர்.

"இருவது வருஷமா அந்த வூட்டுத் துணி தேய்க்கிறேன்மா" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "பையன் சட்டையில ஒரு சிகரெட் ஓட்டை பாத்ததில்ல. பெரியவரு சட்டையில தோல் வாசம் வரும், வேற வாசம் வந்ததே கெடையாது. அந்தம்மா பொடவைய மடிச்சித்தான் குடுத்தனுப்பும். தேய்க்கப் போற துணிய எவன்மா மடிச்சிக் குடுக்கிறான்?"

சாட்சி பலமாக இருந்தது. அங்கிருந்து தெருமுனையில் வட பாவ் வாங்கப் போனேன். பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்து, பூண்டுப் பொடியும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் புரோட்டாவுக்கு உறை போடக் காணாது, இருந்தாலும் மழை நேரத்துக்கு நல்ல காரம். பொட்டலத்தைக் கொடுத்த கடைக்காரர், "ஆல்வின் பஹுத் அச்சா லட்கா" என்றார். மிகவும் நல்ல பையன் என்று அர்த்தம், அந்த அளவு இந்தி எனக்கும் தெரியும். ஆனால் அவரிடம் நான் எதுவும் கேட்கவே இல்லை. இது மாதா காட்டும் அடையாளம் என்று நினைத்து நடுத்தெருவில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

விசாரிக்கும் வேலை இரண்டாம் நாள் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மிஞ்சியது மற்றொரு வேலை. இரண்டாவது மாடி, இடது பக்கக் கதவு. கீழே நின்று அந்தப் பால்கனியைப் பார்த்தேன். போகலாம் என்று காலை எடுத்தேன். கால் என்னைப் பூங்காவுக்குக் கொண்டுபோனது.

தெருவின் கோடியில் கையகலப் பூங்கா. ஈர பெஞ்சு. பக்கத்தில் ஒன்பது கஜச் சேலை கட்டிய மராத்தி அம்மாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்து நறுக்கி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி, பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன். அவர் மராத்தியில் ஏதோ சொன்னார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது.

மரங்களிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மதியம் முழுதும் அந்தத் தெருவோடு சேர்ந்து கண்ணயர்ந்த மாதிரி இருந்தது. என்ன தைரியமோ, நான் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பரீட்சை நடந்த அறையில் பிரின்ஸி விழுந்தது, பல்லுக்கிடையில் நாக்கு கிழிந்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மறுத்தது, சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு நான் அவளைக் கூட்டிப்போகாமல் ஒளித்து வளர்த்தது. கடைசியாகச் சொன்னதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் "ஹோ, ஹோ" என்று மராத்தியில் ஆமாம் போட்டுக்கொண்டே கேட்டார். முடித்ததும் என் கையில் மிளகாய்ப் பொடி ஒட்டியிருந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எழுந்து போனார். வீட்டுக்கு வெளியே வலிப்பு என்ற வார்த்தையைச் சொன்னதில் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் ரோஸ்லின் மாட்டுங்காவுக்குக் கூட்டிப் போனாள். பூக்கடைகளில் நம் ஊர் மல்லிகை நம் ஊர்த் தமிழிலேயே விலைபோனது. காபி குடிக்கும்போது வீட்டுக்காரர் போன் வந்தது. இஸ்திரிக்காரர் சொன்னதைச் சொன்னேன். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பெறவென்ன, கெளம்பி வந்துரு. இவ்ளோ நல்ல எடம். நீ பாட்டுக்கு எதையாவது சொல்லிக் கெடுத்துராத" என்றார்.

இடம் நன்றாக இருக்க இருக்கத்தான் எனக்கு வாய் அடைத்தது. மோசமான இடமாக இருந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிட்டு ரயிலேறியிருப்பேன். ரோஸ்லினிடம் இதைச் சொன்னேன்.

"சொல்லாமப் போனா என்னக்கா ஆகும்? பிரின்ஸி அந்த வீட்டுல தெனமும் பாத்ரூமுக்குள்ள ஒளிஞ்சு நின்னு மாத்திர முழுங்கணும், வேறென்ன" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடியும் அந்தத் தெரு. வயலின்காரர் அதே வரியில் இருந்தார். கட்டடத்தின் வாசலில் நான் தயங்கி நிற்பதைப் பார்த்துக் குப்புசாமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"மேல அம்மா காப்பி போட்டு வெச்சிருக்காங்களாம். 'அவங்களுக்கு எப்போ தோதோ அப்போ வரச் சொல்லு'ன்னு முந்தாநேத்தே சொல்லி வெச்சாங்க. நீங்க இன்னிக்கு ஊருக்குப் போயிருவீங்களேன்னுதான் நானே சொல்றேன்."

ஊருக்குப் போகும் நாளை நேற்று டீ குடிக்கும்போது நான்தான் சொன்னேன், ஆனால் நான் யாரென்று இவருக்கு யார் சொன்னது? இரண்டு மாடி ஏறியது எப்படியென்று தெரியவில்லை. கதவு திறந்தே இருந்தது. ஆல்வினின் அம்மா லில்லி, என் வயதுதான், இடுப்பில் செருகிய சேலையோடு நின்றிருந்தார்.

"வாங்க மதினி. மூணு நாளா வெயில்லயும் மழையிலயும் நடந்துட்டீங்க. மொதல்ல உக்காருங்க."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நான்தான் இந்த பில்டிங் சொசைட்டிக்கு செக்ரெட்டரி. தெனமும் வாட்ச்மேன் நோட்டுல நான் கையெழுத்துப் போடணும்." சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "நாலு வருசமா பாக்குதேன். அதுல பின்கோடு எழுதுன மொத ஆளு நீங்கதான்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த அன்றே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டதாம். பெண்ணின் அம்மா வேவு பார்க்க வந்திருக்கிறார், யாரும் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று தெருவே எனக்காக மூன்று நாள் நடித்திருக்கிறது.

"நான் ஒருத்தர்ட்டயும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல மதினி. ஆனா அவுக எல்லாம் நல்லதாத்தான் சொல்லியிருப்பாவ. இன்னும் என்ன கேக்கணுமோ என்ட்டயே கேளுங்க. இவுக கடன், என் பிரஷர், எதுன்னாலும் கேளுங்க" என்று எதிரில் உட்கார்ந்தார்.

"கேக்க ஒண்ணுமில்ல மதினி" என்றேன். "சொல்லத்தான் இருக்கு."

சொன்னேன். பெஞ்சில் சொன்ன மாதிரி சரளமாக வரவில்லை. வலிப்பு என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். ஐந்து வருடம், ஒரு மாத்திரை, டாக்டர் சொன்னது எல்லாம் முன்பின்னாக வந்தன. மறைக்க நினைத்தது நாங்கள்தான், அவள் இல்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

லில்லி முகத்தில் சிரிப்பு போய்விட்டது. உள்ளே குக்கர் விசிலடித்தது. எழுந்து போனார். அடுப்பு அணைந்த சத்தம் கேட்டது, ஆனால் ஆள் திரும்பி வரவில்லை. சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே சின்ன விளக்கு எரிந்தது. பால்கனி வழியே தூங்குமூஞ்சிக் கிளை கைக்கெட்டும் தூரத்தில் ஆடியது. இந்த வீட்டை இதோடு பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது, பிரின்ஸிக்கு என்ன சொல்வது என்று வரிசைப்படுத்தினேன். அழக்கூடாது, படியிறங்கும் வரை அழக்கூடாது என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

லில்லி வந்தார். கண் சிவந்திருந்தது. நாற்காலியில் உட்காராமல், நான் உட்கார்ந்திருந்த சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆல்வின்ட்ட நான் சொல்ல மாட்டேன். பிரின்ஸியே சொல்லட்டும், இன்னிக்கே சொல்லட்டும். அது அதுங்க ரெண்டு பேரு காரியம். அவனுக்குச் சம்மதம்னா எனக்குத் தடையில்ல. அவன நான் பெத்துருக்கேன், அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்." என் மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். "எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். ராத்திரி மாத்திர எத்தன மணிக்கு?"

"ஒம்பது மணிக்கு."

"சாப்பிட்டுட்டா, வெறும் வயித்துலயா?"

"சாப்பிட்டுட்டு."

லில்லி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவுக பட்டறைய மூடிட்டு வந்து, ஆல்வின் டிரெயின் புடிச்சு வந்து, இங்க நாங்க தட்டுல கை வைக்கவே பத்தர ஆயிரும் மதினி" என்றார். "இனிமே அது சரிப்படாது. ஆம்பளைங்க வாரப்போ வரட்டும். நானும் பிரின்ஸியும் எட்டரைக்கே உக்காந்துருவோம்."